கட்டியாச்சோ?

இது நடந்தபோது நான் நித்திரையில் இல்லை. வெறியிலும் இல்லை, குடியை விட்டுப் பல வருடமாகிறது. என் கையில் வானின் ஸ்ரியறிங் இருந்தது. கண்ணுக்கு முன்னால் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும், விளக்கைப் போட்டால் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. ஒளிக்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நடந்தது.

என் பெயர் அன்புராசா. ரொறன்ரோவில் இருபத்திரண்டு வருடமாகக் கூரை வேலை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. என்னுடைய முதலாளி கஸ்பர், மன்னார் பக்கத்து ஆள். என்னைவிட வயதில் இளையவன், ஆனால் குரல் பெரியது. ஆறேழு பேரை வைத்து வீட்டுக் கூரை மாற்றுகிற வேலை எடுத்துச் செய்தான். கூரை வேலை மார்கழியில் படுத்துவிடும். பங்குனி முடிய, பனி கரைந்த பிறகுதான் எழும்பும். இடையில் எல்லோருக்கும் லே ஓஃப், வேலையில்லாக் காலம்.

கஸ்பருக்குச் சைக்கிள் பைத்தியம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவன் அவன்தான். கோடையில் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நாங்கள் இருக்கிற ரூஜ் பகுதியில் இருந்து வெளிக்கிட்டு ஸ்ரௌவ்வில் பக்கத்து வெளித் தெருக்களில் ஓடுவார்கள். மாசிக் கடைசியில், இங்கே பனி முழங்கால் வரை கிடக்கும்போது, அரிசோனாவுக்குப் போய் ஒரு கிழமை பாலைவனத்திலும் மலையிலும் ஓடுவார்கள். நான் சைக்கிள் ஓடுவதில்லை. பின்னால் வான் ஓட்டுவேன். தண்ணீர், சாப்பாடு, மாற்று ரயர், எல்லாம் என் பொறுப்பு.

இந்த வருடமும் போனோம். ஆனால் ஓர் ஆள் குறைவு.

கார்த்திகை மாதம், முதல் பனி கொட்டிய நாளில், ஸ்ரௌவ்விலில் ஒரு புது வீட்டுக் கூரையில் இருந்து எங்கள் குழுவின் றொய்சன் விழுந்து செத்துப்போனான். முப்பத்தைந்து வயது. அன்றைக்கு எனக்கு முழங்காலுக்கு ஊசி போட வேண்டியிருந்ததால் நான் வேலைக்குப் போகவில்லை. அங்கே இருந்தவர்கள் கஸ்பரும் எங்களோடு வேலை செய்கிற பிரியந்தனும்தான்.

கூரையில் ஏறுகிறவன் ஹார்னஸ் போட வேண்டும். தோளிலும் தொடையிலும் மாட்டுகிற பட்டி அது. அதைக் கயிற்றில் கொழுவினால், வழுக்கினாலும் தொங்கித் தப்பலாம். றொய்சன் ஹார்னஸ் போட்டிருந்தான், ஆனால் கயிற்றில் கொழுவவில்லை, அவனுடைய கவனயீனம்தான் என்று கஸ்பர் எழுதிக் கொடுத்தான். பிரியந்தன் அதற்கு ஓம் என்றான். அரசாங்க விசாரணை சித்திரையில் முடிய இருந்தது.

நாங்கள் வெளிக்கிட முதல் நாள் றொய்சனின் மனுசி ஏஞ்சலா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் பனிச் சப்பாத்தோடு நின்றாள்.

"அண்ணை, பிரியந்தன் ஒரு கிழமை உங்களோட நிப்பான். ஒண்டே ஒண்டு கேட்டு அறிஞ்சுகொண்டு வாங்கோ. அவர் அண்டைக்கு உண்மையா ஹார்னஸ் போட்டவரோ?"

"போட்டிருந்தவன்தானே பிள்ளை. விசாரணைக்கு எடுத்த படத்திலயும் இருக்கு."

"படத்தைத்தான் நானும் பாத்தன். தொடைப் பட்டி முறுகிக் கிடக்கு. சேர்ட் கொலரையே மூண்டு தரம் இழுத்துவிடுற மனுசன் அண்ணை அவர். முறுகின பட்டியோட ஒரு அடி வைக்க மாட்டார்."

அவள் சப்பாத்தில் இருந்த பனியைப் படியில் தட்டினாள்.

"பள்ளிக்கூடத்தில பிள்ளையிட்ட கேக்கிறாங்களாம், உங்கட அப்பா வெறியிலயோ விழுந்தவர் எண்டு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். உண்மை வேணும்."

கேட்கிறேன் என்று சொன்னேன். அந்தச் சொல்லையும் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

ரூசன் நகரத்துக்கு வெளியே ஒரு மோட்டலில் தங்கினோம். ஓடுகிறவர்கள் ஆறு பேர். முன்னுக்குக் கஸ்பர். அடுத்தது ஷரோன், வங்கியில் வேலை செய்கிற, இங்கேயே பிறந்த பிள்ளை. நடுவில் எங்கள் வேலைப் பொடியன்கள் மூன்று பேர். கடைசியில் பிரியந்தன். கடைசி இடம் சும்மா இடமல்ல. களைத்துப் பின்தங்குகிற ஆளைத் தனியே விடாமல் கூட்டிவருகிறவன்தான் அங்கே ஓட வேண்டும். போன வருடம் வரை அது றொய்சனின் இடம்.

கஸ்பரிடமும் பிரியந்தனிடமும் என்னிடமும் ஒவ்வொரு வோக்கி டோக்கி இருந்தது. மலைக்குள் ஃபோன் வேலை செய்யாது.

கஸ்பருக்கு ஒரு வழக்கம். கூரை வேலையில், எல்லோரும் மேலே ஏறியதும் கீழே நின்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரிக் கத்துவான்: "கட்டியாச்சோ?" கயிறு கொழுவியாகிவிட்டதா என்று அர்த்தம். மேலே இருந்து ஒவ்வொருவராக "கட்டியாச்சு" என்று சொல்ல வேண்டும். அதே வழக்கத்தைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்திருந்தான். வெளிக்கிட முதல் முன்னுக்கு நின்று கத்துவான். ஹெல்மெற் வாரைக் 'கிளிக்' என்று மாட்டிக்கொண்டு முன்னிருந்து பின்னாக ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள்.

முதல் நாள் காலை. நல்ல இளம் வெயில். ஆளுயரக் கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"கட்டியாச்சோ?"

"கட்டியாச்சு." கிளிக்.

"கட்டியாச்சு." கிளிக்.

அப்படியே பின்னுக்கு வந்தது. கடைசியாகப் பிரியந்தனும் சொன்னான்.

பிறகு அவனுக்குப் பின்னால் இருந்து இன்னொரு குரல்.

"இல்லை."

மெல்லிய குரல். கோபம் இல்லாத குரல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரியந்தனுக்குப் பின்னால் என்னுடைய வான் மட்டும்தான் நின்றது.

"ஆரடா பகிடி விடுறது?" கஸ்பர் கத்தினான். "அன்பண்ணை, நீங்களோ?"

"எனக்கென்ன விசரே? நான் தலையில தொப்பியும் கட்டேல்லை, ஒண்டும் கட்டேல்லை."

பொடியன்கள் சிரித்தார்கள். ஷரோனும் சிரித்தாள். பிரியந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கழுத்து மயிர் சிலிர்த்து நின்றதை நான் வானுக்குள் இருந்தே கண்டேன்.

அன்று பத்து மணி போல, ஒரு வெளியில் தண்ணீருக்கு நின்றோம். வீடில்லை, வாசலில்லை. கல்லும் கள்ளியும்தான். எங்கோ ஒரு சத்தம்.

டக். டக். டக். டக்.

"மரங்கொத்தி அங்கிள்," என்றாள் ஷரோன். "கள்ளியில ஓட்டை போட்டு வீடு கட்டுமாம். ஸோ க்யூற்."

"மரமே இல்லாத ஊரில மரங்கொத்தி," என்றான் ஒரு பொடியன். "எங்களை மாதிரி அகதியா வந்திருக்கும்."

மரங்கொத்தியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். ஆனால் காது விடவில்லை.

டக். டக். டக். டக்... தட்.

நாலு அடி. பிறகு உள்ளங்கையால் ஒரு தட்டு.

கூரைத் தகடு ஒன்றுக்கு நாலு ஆணி. நாலாவது ஆணி இறங்கியதும் கையால் ஒரு தட்டுத் தட்டி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் எங்கள் குழுவில் ஒருவன்தான் இருந்தான். நாங்கள் அவனைப் பகிடி பண்ணுவோம், 'என்னடா, பிள்ளையை நித்திரையாக்கிறியோ' என்று.

நான் கஸ்பரைப் பார்த்தேன். அவன் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தபடி குடிக்காமல் நின்றான்.

"என்ன கஸ்பர்?"

"ஒண்டுமில்லை. வெளிக்கிடுவம். நிண்டால் கால் இறுகிப்போம்."

அன்று பின்னேரம் மோட்டல் சமையலறையில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தபோது பிரியந்தன் உதவிக்கு வந்தான். தேங்காய்ப்பூவைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றான். இதுதான் நேரம் என்று கேட்டேன்.

"பிரியந்தன், அண்டைக்கு றொய்சன் ஹார்னஸ் போட்டவனோ?"

தேங்காய்ப்பூ கையில் இருந்து கொட்டியது.

"போட்டவன்."

"ஏஞ்சலா கேட்டவள்."

"போட்டவன் எண்டு சொல்லிப்போட்டனே அண்ணை!" பிறகு குரல் இறங்கியது. "கஸ்பர் அண்ணைதான் என்ரை மனுசியைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் அலுவலில உதவி செய்யிறவர். என்னை ஒண்டும் கேக்காதேங்கோ."

இரண்டாம் நாள் காலையும் அந்தக் குரல் சொன்னது. "இல்லை." மூன்றாம் நாளும். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஷரோன் என் வானுக்கு ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தாள். "அன்பு அங்கிள், தட்ஸ் நொற் ஃபணி. ஆர் செய்யிறது?" அவள் கை குளிர்ந்துபோய் இருந்தது. அந்த வெயிலிலும்.

பொடியன்கள் திரும்பிப் போவோம் என்றார்கள். கஸ்பர் விடவில்லை. பயந்தவன் மாதிரித் தெரியக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ. "மலையை விட்டிட்டுப் போறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றான். "நாளைக்கு மலை. இறங்கினாப் பிறகு பியர் என்ரை கணக்கு."

நாலாம் நாள் மலை.

காலை முழுவதும் ஏற்றம். சிவப்புக் கல் மலை. தெரு அதைச் சுற்றிச் சுற்றிப் போனது. ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம். நான் முதலாம் கியரில் பின்னால் ஊர்ந்தேன். வானின் ஜன்னல்கள் திறந்திருந்தன. காய்ந்த புல் மணம் வந்தது. நடுவில் வேறொரு மணமும் வந்தது. சூடாக்கிய தார் மணம். தெருத் தாராக இருக்கலாம். ஆனால் அதோடு சேர்ந்து ஈரப் பனியின் மணமும் வந்தது. ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், முதல் பனி விழுகிறபோது காற்றில் வருமே, இரும்பு மாதிரி ஒரு மணம். அது.

உச்சிக்கு வந்தபோது மணி இரண்டேகால். எல்லோருக்கும் தோடம்பழமும் தண்ணீரும் கொடுத்தேன். தெருவோரத்தில் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். அடுத்த ஆறு மைலுக்கு இறக்கமும் வளைவும் என்று போட்டிருந்தது.

"கஸ்பர், நீ வானில வா. உன்ரை முகம் சரியில்லை."

"அண்ணை, நான் கூரையிலயே விழாத ஆள்."

அப்படித்தான் சொன்னான். சொன்ன பிறகு அவனே ஹெல்மெற் வாரை ஒரு தரம் தொட்டுப் பார்த்தான். பிறகு முன்னுக்குப் போய், வழக்கமான அதே குரலில், மலை முழுவதும் கேட்கக் கத்தினான்.

"கட்டியாச்சோ?"

ஐந்து பேரும் சொன்னார்கள்.

நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

குரல் வரவில்லை.

கஸ்பர் பெருமூச்சு விட்டுச் சிரித்தான். "போயிட்டான்," என்றான். யார் என்று சொல்லவில்லை. பெடலை மிதித்து இறங்கினான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள். பிரியந்தன் கடைசி. முதல் வளைவில் எல்லோரும் மறைந்தார்கள்.

நான் தோடம்பழக் கோதுகளைக் கூட்டி அள்ளி, தண்ணீர்க் கானை ஏற்றி, வானின் பின்கதவைச் சாத்தினேன்.

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

"நான் கட்டிவிடுறன், அண்ணை."

திரும்பினேன். ஒருவரும் இல்லை.

என் கழுத்தில் ஏதோ குளிர்ந்தது. தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்.

வானை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் பெற்றோல் அடிக்கிற ஒரு செற். ஷரோனும் மூன்று பொடியன்களும் நின்றார்கள்.

"கஸ்பர் எங்க?"

"அவர் உங்களோட இல்லையோ?"

"அவன் முன்னுக்கெல்லோ போனவன்?"

ஷரோன் மலையைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு முன்னுக்குத்தான் போனவர் அங்கிள். ஒரு வளைவு திரும்பினன். ஆள் இல்லை. ஐ ஸ்வேர். ரோட் முழுக்கத் தெரியுது. ஆள் மட்டும் இல்லை."

"பிரியந்தன்?"

அவனும் வரவில்லை. நான் வரும் வழியிலும் அவனைக் காணவில்லை. அந்த மலையில் தெரு ஒன்றுதான். பிரிகிற வழி இல்லை.

பொடியன்களை அங்கேயே நிற்கச் சொன்னேன். பொலிஸுக்கு ஃபோன் அடிக்கச் சொன்னேன். வானைத் திருப்பி மறுபடி மலை ஏறினேன்.

மூன்று பத்துக்கு வோக்கி டோக்கி கரகரத்தது.

டக். டக். டக். டக்... தட்.

"கஸ்பர்? எங்க நிக்கிறாய்?"

மூச்சு. பெரிய மூச்சு. தண்ணீருக்குள் இருந்து விடுகிற மாதிரி.

"அன்பண்ணை... தண்ணி..."

"எந்த வளைவடா? சொல்லு! வாறன்!"

"விழுந்திட்டன் அண்ணை... முதுகு... ஏலாது..."

"அசையாதை. வாறன்."

"அண்ணை... உவன் ட்ரக்கடிக்குப் போறான்..."

"ஆர்?"

கரகரப்பு மட்டும்.

நான் ஒவ்வொரு வளைவாக நிறுத்தினேன். இறங்கி எட்டிப் பார்த்தேன். கல். கள்ளி. வெயில். மறுபடி ஏறினேன். உச்சிவரை போனேன். ஒன்றும் இல்லை. மறுபடி இறங்கினேன்.

"வேண்டாம்..." என்றான் கஸ்பர். "எனக்கு உயிர் இருக்கடா... கட்டாதை... ஆஸ்பத்திரிக்கு அடி... முதல்ல ஆஸ்பத்திரிக்கு அடி..."

கிளிக்.

"கையைத் தூக்காதை... நோகுது..."

கிளிக்.

நான் கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. கஸ்பரையா, றொய்சனையா, மருதமடு மாதாவையா.

"காலை விடு..." கஸ்பர் அழுதான். இருபது வருடத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை. "காலை விடடா... நீயுமா?"

கிளிக்.

வெயில் அப்படியே இருந்தது. ஒரு பருந்து அப்படியே சுற்றியது.

பிறகு மற்றக் குரல். மெல்லிய குரல்.

"கட்டியாச்சோ, அண்ணை?"

கஸ்பரின் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுங்கோ."

...

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

...

"கட்டியாச்சு," என்றான் கஸ்பர்.

கடைசிக் கிளிக்.

மணி மூன்று ஐம்பது.

அடுத்த வளைவில் பிரியந்தன் இருந்தான். தெருவோரக் கல்லில். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்து நின்றது. அந்த வளைவை நான் அதற்கு முன் இரண்டு தரம் கடந்திருக்கிறேன். அங்கே ஒருவரும் இல்லை. சத்தியமாக இல்லை.

"எங்கையடா போனனி?"

"இஞ்சதான் அண்ணை. ரயர் காத்துப் போச்சு. ரெண்டு நிமிசம்தான்..."

ரயரைப் பிடித்துப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது.

அவனுடைய இரண்டு உள்ளங்கைகளும் தாரில் கறுத்திருந்தன.

நான் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன்.

இரண்டு மாடி வீட்டுக் கூரையின் உயரம்.

கஸ்பர் கிடந்தான்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவனுக்கு உயிர் இல்லை. கண் திறந்திருந்தது. சைக்கிள் உடுப்புக்கு மேலே, தோளில், மார்பில், தொடையில், ஒரு ஹார்னஸ். பழையது. தார் பிடித்தது. நாங்கள் யாரும் ஹார்னஸ் கொண்டுபோகவில்லை. சைக்கிள் ஓடப் போகிறவன் அதை ஏன் கொண்டுபோகிறான்?

பட்டி ஒன்றுகூட முறுகவில்லை. இழுத்து, நீவி, சீராகக் கட்டியிருந்தது.

கொக்கிகளுக்குள் பனி இருந்தது. வெள்ளைப் பனி. நான் தொட்டேன். விரல் சுட்டது. அந்த வெயிலில் அது உருகவில்லை. பொலிஸ்காரர் கயிறு கட்டி இறங்கி வந்த பிறகுதான் உருகத் தொடங்கியது.

அங்கத்தைய பொலிஸ் எங்களை மூன்று நாள் வைத்து விசாரித்தது. பிரியந்தனைத்தான் கூட விசாரித்தார்கள். ஆனால் அந்தச் சரிவு முழுவதும் பொடிமண். அதில் இருந்தது கஸ்பர் உருண்ட அடையாளமும் என்னுடைய சப்பாத்து அடையாளமும் மட்டும்தான். பிரியந்தனின் கையில் இருந்த தாரையும் காற்றுப் போகாத ரயரையும் அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வோக்கி டோக்கியில் கேட்டதை நான் சொன்னேன். எழுதுகிற மாதிரி எழுதினார்கள். திரும்பி வாசிக்கவில்லை. எங்களை விட்டார்கள்.

ரொறன்ரோவுக்கு வந்தோம். கஸ்பரின் பூதவுடலும் பிந்தி வந்தது. அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து அவன் மனுசி கரோலின் எனக்கு ஃபோன் பண்ணினாள். அழுது முடித்த குரல்.

"அன்பண்ணை, அங்கத்தைய டொக்டரின்ர அறிக்கை வந்திருக்கு. பட்டி இறுக்கின இடமெல்லாம் ரத்தம் கண்டி நீலமாயிருக்காம். செத்த உடம்பு அப்பிடிக் கண்டாதாம் அண்ணை."

"என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"விழுந்த பிறகுதான் ஆரோ கட்டியிருக்கினம். உயிரோட இருக்கேக்கை. தனி ஒராளால ஏலாதாம். தொடைப் பட்டி போட ஒராள் காலைத் தூக்கிப் பிடிக்க வேணுமாம்." அவள் மூச்சு வாங்கினாள். "அண்ணை, உங்களுக்கு விளங்குதோ? ஏன் ஒரு மனுசனுக்கு இப்பிடிச் செய்யோணும்?"

எனக்கு அப்போது விளங்கவில்லை. பிரியந்தனைத் தேடிப் போய் அதைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க முகம் சாம்பலாகிப் போனது. எழும்பி ஜக்கெற்றை எடுத்தான்.

"ஏஞ்சலா அக்காவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ரூஜில் ஏஞ்சலாவின் வீட்டு வரவேற்பறை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. பிரியந்தன் கதிரையில் இருக்கவில்லை. நிலத்தில் இருந்தான்.

"அக்கா, அவன் ஹார்னஸ் போடேல்லை. ஒருத்தரும் போடேல்லை. ஸ்னோ வரமுதல் முடிக்க வேணும், சின்ன வேலை, கட்டிக்கொண்டு நிண்டால் நேரம் போம் எண்டு கஸ்பர் அண்ணை சொன்னவர். கட்டாமல் ஏற மாட்டன் எண்டு றொய்சன் சொன்னவன். 'அப்ப நாளைக்கு வேலைக்கு வராதை' எண்டவர். ஏறினவன். வழுக்கினது."

ஏஞ்சலாவும் வந்து அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"கஸ்பர் அண்ணை ட்ரக்குக்கு ஓடினவர். ஃபோன் எடுக்கத்தான் ஓடுறார் எண்டு நான் நினைச்சன் அக்கா. ஹார்னஸோட வந்தவர்."

"அப்ப அவருக்கு உயிர் இருந்ததோ?"

"இருந்தது. என்ரை கையைப் பிடிச்சவன். தண்ணி கேட்டவன். கஸ்பர் அண்ணை என்னைப் பாத்து, 'காலைப் பிடி' எண்டார்." அவன் முகத்தை மூடினான். "அவன் கேட்டவன், 'நீயுமா?' எண்டு. நான் பிடிச்சன் அக்கா."

"எவ்வளவு நேரம் கழிச்சு அம்புலன்ஸுக்கு அடிச்சனீங்கள்?"

"நாப்பது நிமிசம்."

மூன்று பத்து. மூன்று ஐம்பது. வோக்கி டோக்கியில் நான் கேட்டதும் அதே நாற்பது நிமிடம்தான்.

ஏஞ்சலா எழும்பிப் போய்த் தன் ஃபோனை எடுத்து வந்து அவனுக்கு முன்னால் வைத்தாள். விசாரணை அதிகாரியின் இலக்கத்தை அழுத்தினாள். "உதை அப்பிடியே சொல்லு," என்றாள். சொன்னான். சித்திரையில் எல்லோர் முன்னாலும் மறுபடி சொன்னான். தண்டனை எதுவென்றாலும் வரட்டும் என்று கையெழுத்துப் போட்டான். றொய்சனின் பெயரில் இருந்த 'கவனயீனம்' வெட்டப்பட்டது. தன் அப்பாவின் பிழை இல்லை என்று அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் சொல்கிறது.

ஆனால் ஏஞ்சலாவுக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அன்றைக்கே, அவள் வீட்டு வாசலில், வானுக்குள் ஏறி இருந்த பிறகு பிரியந்தன் எனக்குச் சொன்னான். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, மலையில நான் ரயர் மாத்தேல்லை."

"தெரியும்."

"ரெண்டு நிமிசம்தான் நிண்ட மாதிரி இருந்தது. ஸ்னோ கொட்டினது அண்ணை. அந்த வெயிலுக்குள்ள. கண் திறக்க ஏலாத ஸ்னோ. நான் எப்பிடிக் கீழ போனனான் எண்டு தெரியாது. கஸ்பர் அண்ணை கிடந்தவர். றொய்சன் அவருக்குப் பக்கத்தில முழங்காலில இருந்தவன். அவன் தலையில ரத்தம் இல்லை, ஒண்டும் இல்லை. வேலைக்கு வந்த மாதிரி இருந்தவன். ஹார்னஸை நீவி நீவி நேராக்கினவன்."

நான் திறப்பைத் திருப்பினேன். வான் ஸ்ராட் ஆகவில்லை.

"அவன் கோவிக்கேல்லை அண்ணை. என்னைத் திரும்பிப் பாத்தவன். 'காலைப் பிடி' எண்டவன்."

"நீ..."

"பிடிச்சன் அண்ணை," என்றான். "அவன் சொல்ல முதலே பிடிச்சிட்டன்."